எட்டுத் தாள் வந்த செடி

எனக்குக் கிடைத்த வேலை செடிகளைத் தைக்கிற வேலை. இப்படிச் சொன்னால் இன்றைக்கும் கேட்பவர்கள் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

குற்றாலத்தில் அப்போது ஒரு தாவரவியல் தோட்டம் இருந்தது. தோட்டத்தின் ஓரத்தில் ஓடு போட்ட நீளமான கட்டடம். மலையிலிருந்து கொண்டுவரும் செடிகளை உலர்த்திப் பாதுகாக்கும் இடம் அது, ஹெர்பேரியம் என்பார்கள். அழுத்தி உலர்த்திய செடியைக் கெட்டியான வெள்ளைத் தாளில் பசை போட்டு ஒட்ட வேண்டும். தண்டு பருமனாக இருந்தால் நூலால் தைத்து, பின்பக்கம் முடிச்சுப் போட வேண்டும். பிறகு வலது பக்கம் கீழ் மூலையில் லேபிள் எழுதி ஒட்ட வேண்டும். நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்திருந்தேன். தையல் தெரியும். கையெழுத்து அச்சுப் போல இருக்கும். இந்த மூன்றும் சேர்ந்த ஆள் கிடைப்பது அவர்களுக்கும் கஷ்டமாக இருந்திருக்கும் போல, ஐம்பதுகளின் நடுவில் என்னை எடுத்துக்கொண்டார்கள். தென்காசியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தேன்.

சாரல் மாதங்களில் அந்தக் கட்டடத்துக்குள் எதுவும் காயாது. தாள் காயாது, பசை காயாது, நம் சேலைத் தலைப்பே காயாது. மரச்சட்டத்துக்குள் செடிகளை அடுக்கி, கீழே கரி அடுப்பு வைத்து, ஈரம் உறிஞ்சிய காகிதங்களைத் தினம் இருமுறை மாற்றுவோம். பூச்சி அரிக்காமல் இருக்க, வீரம் கலந்த ஸ்பிரிட்டில் செடிகளை முக்கி எடுப்பார்கள். வீரம் என்பது கொடிய விஷம். அந்தத் தாள்களைத் தொட்ட கையோடு சாப்பிடக் கூடாது என்பது முதல் நாள் சொன்ன முதல் பாடம். நான் சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவிவிட்டுத்தான் தூக்குச்சட்டியைத் திறப்பேன். வீட்டில் என்னைச் சுத்தக்காரி என்று கேலி செய்வார்கள்.

மலையிலிருந்து செடி கொண்டுவருபவர் ஒருவரே. செங்கோட்டைக்காரர். பதவிப் பெயர் பிளான்ட் கலெக்டர் என்பதால் அவரைக் கலெக்டர் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். ஜில்லா கலெக்டருக்கு ஜீப் உண்டு, இவருக்குக் கால்தான். மாதத்தில் பாதி நாள் மலையில் இருப்பார். ஒவ்வொரு வகைச் செடிக்கும் ஓர் எண் கொடுத்து, அதை எங்கே பார்த்தார், பூ என்ன நிறம், எவ்வளவு இருக்கிறது என்று ஒரு நோட்டில் பென்சிலால் எழுதுவார். அந்த நோட்டைப் பார்த்து நான் லேபிள் எழுத வேண்டும். எங்கள் டைரக்டர் மதராஸ் பக்கத்து மனிதர், அதிர்ந்து பேசாதவர். வெளியிலிருந்து விஞ்ஞானிகள் வந்தால் என் லேபிள்களை எடுத்துக் காட்டுவார். "இந்த அம்மா எழுதினா தப்பு இருக்காது" என்று அவர் ஒருமுறை சொன்னது என் காதில் விழுந்தது. அது தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதைத்தான் தலைக்கனம் என்கிறார்கள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

லேபிளில் அச்சடித்த கட்டங்கள் இருக்கும். எண், இடம், உயரம், பூவின் நிறம், தேதி. கடைசியில் ஒரு கட்டம், இந்தச் செடி அங்கே எவ்வளவு காணப்படுகிறது என்பதற்கு. அதில் அரிது என்றால் ஆங்கிலத்தில் 'ரேர்' என்றும், நிறைய உண்டு என்றால் 'காமன்' என்றும் எழுத வேண்டும். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது என்று எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் சொல்லிக்கொடுத்திருந்தார். காலியாக இருந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தமாம்.

ஆனால் மழைக்குள் நின்று எழுதுகிற மனிதரின் நோட்டில் எல்லாம் நிரம்பியா இருக்கும்? அட்டை கடித்த ரத்தம் இருக்கும், மண் இருக்கும், சில வரிகள் இருக்காது. அண்ணாச்சி பக்கத்தில் இருந்தால் கேட்பேன். இல்லாவிட்டால் நானே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். ஒரே எண்ணில் எத்தனை செடி வந்திருக்கிறது என்று பார்ப்பேன். ஒன்றோ இரண்டோ வந்தால் கிடைப்பது அரிது. எட்டு, பத்து வந்தால் அங்கே நிறையக் கிடக்கிறது. நிறையக் கிடந்தால்தானே நிறைய எடுக்க முடியும்? இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லத் தோன்றாத அளவுக்கு அது எனக்குச் சரியாகப் பட்டது.

ஒரு சாரலின்போது எட்டுச் செடிகள் ஓர் எண்ணில் வந்தன. சாண் உயரம்கூட இல்லை. அடியில் சுண்டைக்காய் அளவில் ஒரு கிழங்கு, ஒரே ஒரு இலை, இலையின் பக்கத்திலிருந்து எழும்பும் மெல்லிய காம்பு, நுனியில் வெளிறிய ஊதாவில் இரண்டு மூன்று பூக்கள். வீட்டு வாசலில் வளரும் காசித்தும்பைக்குத் தூரத்துச் சொந்தம் என்றார் டைரக்டர். தமிழில் அதற்குப் பெயர் கிடையாது. பூவின் இதழ்கள் ஈரத்தாளில் கரைந்துபோகிற மாதிரி இருந்ததால் ஊசி முனையால் விரித்து விரித்து எட்டையும் அழுத்தினேன். அண்ணாச்சி அப்போது காய்ச்சலில் படுத்திருந்தார். கடைசிக் கட்டத்துக்கு நோட்டில் எதுவும் இல்லை. எட்டுச் செடி. 'காமன்' என்று எட்டு லேபிளிலும் எழுதினேன். ஒரு தாளை எங்கள் அலமாரியில் வைத்துக்கொண்டோம். மற்ற ஏழும் வழக்கம்போல வேறு வேறு ஊர்களின் ஹெர்பேரியங்களுக்குப் போயின. அவற்றில் இரண்டு தாள்கள் கடல் தாண்டிப் போயின.

இரண்டு வருஷம் கழித்து ஓர் அலுவலகத்திலிருந்து தோட்டத்துக்குக் கடிதம் வந்தது. ஐந்தருவிக்கு மேலே, கசிவு ஓடுகிற ஒரு பாறையை உடைத்துத் தண்ணீர்த்தொட்டி கட்டப் போகிறார்கள். அந்த இடத்தில் விசேஷமான செடி ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தார்கள். கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியதே பெரிய விஷயம். டைரக்டர் அந்த இடத்துத் தாள்களை எல்லாம் எடுத்துவரச் சொன்னார். நான் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், அந்த ஊதாப் பூவில் நின்றார்.

"இது காமன்னு இருக்கு. அண்ணாச்சியோட நோட்லயும் அப்படித்தானே?" என்று கேட்டார்.

"ஆமா சார்" என்றேன்.

நோட்டுகள் இருக்கும் அலமாரி அவர் நாற்காலிக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் இருந்தது. பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆயிரக்கணக்கில் எழுதியதில் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது என்று அவருக்கும் தெரியும். ஆனால் என் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே ஒருவர் அது சரியா என்று கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது. ஆட்சேபணை இல்லை என்று அவர் பதில் எழுதினார்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் நோட்டை எடுத்துப் பார்த்தேன். தண்ணீரில் ஊறிக் காய்ந்த பக்கம். எண், இடம், ஈரப்பாறை, பூ வெளிர் ஊதா. அதற்குக் கீழே எதுவும் இல்லை. கடிதம் மேஜைமேல் தபால் தட்டில்தான் இருந்தது. நாலு மணிக்குத்தான் பியூன் எடுத்துப் போவான். எனக்கு மூன்று மணி நேரம் இருந்தது. எட்டுச் செடி வந்திருக்கிறதே, நிறையத்தானே இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒரு கொடியைத் தைத்துக்கொண்டிருந்தேன். முடிச்சு நிற்கவே இல்லை. நாலு மணிக்குப் பியூன் வந்து தட்டில் இருந்ததை அள்ளிக்கொண்டு போனான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சி அப்போது ஆரியங்காவு பக்கம் போயிருந்தார். மூன்று வாரம் கழித்துத்தான் வந்தார். மூட்டையை இறக்கி வைத்ததும், தண்ணீர்கூடக் குடிக்க விடாமல் கேட்டேன்.

"அண்ணாச்சி, அந்த ஈரப்பாறைச் செடி, ஒத்த இலை, ஊதாப் பூ. அதை வேற எங்கெல்லாம் பாத்திய?"

"வேற எங்கன பாக்க? அந்த ஒரு பாறைதான். நானும் நாலு மழைக்குத் தேடிட்டேன் தங்கச்சி. இந்தப் பக்கமும் இல்ல, மலையாளத்துப் பக்கமும் இல்ல."

"எட்டு எடுத்துட்டு வந்தியளே."

"அந்தப் பாறையில பாய் விரிச்சாப்ல கெடந்துது. எட்டு எடுத்த தடமே தெரியல. வேற எங்கயும் கெடைக்காதுன்னுதான் கூட எடுத்தேன். எட்டு ஊர்ல இருக்கட்டும்னு." அவர் என் முகத்தைப் பார்த்தார். "என்ன, எதுக்குக் கேக்குதிய?"

நோட்டில் எழுதவில்லையே என்றேன். மழையில் பென்சில் ஓடவில்லை, வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது என்றார். "நீங்க கேப்பியன்னுல்லா நெனச்சேன்" என்றார். அதில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

அரிதான செடி என்பதால்தான் எட்டு எடுத்திருக்கிறார். நான் அதை அப்படியே தலைகீழாகப் படித்திருக்கிறேன். அந்த முறையில் இன்னும் எத்தனை கட்டங்களை நிரப்பியிருப்பேனோ, தெரியாது.

டைரக்டர் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டைப் பார்க்காமலே ஆமாம் என்று சொன்னதையும் சொன்னேன்.

"நோட்டை எப்போ பாத்தீங்க?"

"அன்னைக்கு மத்தியானமே பாத்தேன் சார்."

"லெட்டர் போறதுக்கு முன்னாலயா?"

"ஆமா சார்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். உடனே இன்னொரு கடிதம் எழுதி, தபாலில் போடாமல் ஆள் மூலம் அனுப்பினார். மறுநாள் காலை அண்ணாச்சியை மேலே போய்ப் பார்த்துவரச் சொன்னார். நானும் போகிறேன் என்றேன். டைரக்டர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லவில்லை.

அதுவரை நான் மலை ஏறியதில்லை. அருவியில் குளித்ததோடு சரி. தென்காசியிலிருந்து வரும்போது பஸ் ஜன்னலில் தினமும் அந்த மலை எதிரே நிற்கும். அதிலிருந்து வந்த எத்தனையோ செடிகளை என் கையால் தைத்திருக்கிறேன். அவற்றின் உயரத்தை அடிக்கணக்கில் எழுதியிருக்கிறேன். அந்த உயரத்தில் ஒரு நாளும் நின்றதில்லை. பெண்கள் மேலே போவது வழக்கமில்லை என்பது ஒரு காரணம். எனக்குப் போக வேண்டும் என்று தோன்றாதது இன்னொரு காரணம். அதை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்.

அண்ணாச்சி புகையிலையும் உப்பும் கலந்த துணியை என் கணுக்காலில் கட்டிக்கொள்ளச் சொன்னார். "சேலையைக் கொஞ்சம் ஏத்திச் செருகிக்கிடுங்க. அட்டை ஏறுனா பிய்க்காதிய, தானா விழும்" என்றார். வழி நெடுகச் சாரல். பாதையின் இரண்டு பக்கமும் எனக்குத் தெரிந்த செடிகள். எல்லாவற்றையும் தட்டையாக, பழுப்பாகப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அவை பச்சையாக ஆடிக்கொண்டு நின்றது என்னவோ போல் இருந்தது. சிலவற்றின் பெயர் சொன்னேன். அண்ணாச்சி சிரித்தார். "ஆளைக் காணாம சாதகம் மட்டும் பாத்திருக்கிய" என்றார்.

மேலே போய்ச் சேர்ந்தபோது சத்தம் எதுவும் இல்லை. வெடி வைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பாறை இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வெட்டு. அதற்குள் தொட்டிக்கு அஸ்திவாரம் எழும்பியிருந்தது. கசிந்து பரவி ஓடிய தண்ணீரை ஒரு குழாய்க்குள் திருப்பியிருந்தார்கள். வேலையாட்கள் மழைக்குக் கூரையடியில் ஒதுங்கியிருந்தார்கள். அவர்களிடம் கோபப்பட எங்களுக்கு என்ன இருக்கிறது? கேட்டுவிட்டுத்தானே செய்தார்கள். கேட்டதற்கு ஆட்சேபணை இல்லை என்று பதிலும் வாங்கியிருந்தார்கள்.

அண்ணாச்சி அந்த வெட்டின் முன்னால் வெகுநேரம் நின்றார். தலையில் போட்டிருந்த சாக்கை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். இழவு வீட்டில் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொள்வார்களே, அப்படி. எனக்கு அழுகை வந்தது. மழையில் அது பெரிதாகத் தெரிந்திருக்காது.

பிறகு இருவரும் தேடினோம். சரிந்து கிடந்த கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டினோம். மத்தியானத்துக்கு மேல், பள்ளத்தில் உருண்டு கிடந்த ஒரு துண்டில், பாசிபடர்ந்த பக்கத்தில் நாலு இலை ஒட்டிக்கொண்டிருந்ததை அண்ணாச்சி கண்டார். ஒன்றில் பூவும்கூட இருந்தது. அதைத் தொட எனக்குக் கை வரவில்லை. செடியைப் பெயர்க்காமல் கல்லோடு ஈரச்சாக்கில் சுற்றி, மாற்றி மாற்றிச் சுமந்து கீழே கொண்டுவந்தோம்.

தோட்டத்தில் நிழல் கொட்டகைக்குள் அந்தக் கல்லை வைத்து, மேலே ஓட்டைப் பானையைக் கட்டித் தொங்கவிட்டோம். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ வேண்டும். பானையில் தண்ணீர் நிரப்புகிற வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வாரமே டைரக்டர் என்னைக் கூப்பிட்டு, தாளில் திருத்தச் சீட்டு ஒட்டிவிடும்படி சொன்னார்.

ஹெர்பேரியத்தில் ஒரு வழக்கம் உண்டு. தாளில் எழுதியதை யாரும் அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது, மேலே காகிதம் ஒட்டி மறைக்கக் கூடாது. தப்பு என்று தெரிந்தால், சரியானதை ஒரு சிறு சீட்டில் எழுதி, கீழே திருத்தியவர் பெயரும் தேதியும் போட்டு, பழைய லேபிளுக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். தப்பும் திருத்தமும் அந்தத் தாள் இருக்கும்வரை பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பெயர் போடுகிறவர்கள் எல்லாம் பெரிய படிப்புப் படித்த விஞ்ஞானிகள்.

"உங்க பேரைப் போட்டு எழுதிடவா சார்?" என்று கேட்டேன்.

"நான் எழுதலையே. நீங்கதானே எழுதினீங்க" என்றார். அவ்வளவுதான்.

நான் உடனே ஒட்டவில்லை. கல்லில் அது பிழைத்துவிட்டால், மறுபடி பரவினால், சீட்டில் நல்லதாக ஏதாவது எழுதலாம் என்று ஆசை. டைரக்டரும் அவசரப்படுத்தவில்லை.

முதல் சாரலில் மூன்று இலைகள் வந்தன. இரண்டாவது சாரலில் இரண்டு இலை, அதில் ஒன்று பூத்தது. பூத்த அன்றைக்கு அண்ணாச்சி செங்கோட்டையிலிருந்து அதைப் பார்ப்பதற்கென்றே வந்தார். விதை பிடிக்கவில்லை. அந்த மலையில் எந்தப் பூச்சி அதைத் தேடி வருமோ, அது தோட்டத்துக்கு வரவில்லை. மூன்றாவது சாரலில் ஆனி முழுக்கப் பார்த்தேன், ஆடி முழுக்கப் பார்த்தேன். கல்லில் பாசி மட்டும் செழித்தது.

சீசனில் அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு தோட்டத்தைப் பார்க்க வருபவர்களுக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் விளக்கம் சொல்வது அப்போது என் பொறுப்பில் வந்திருந்தது. அந்த ஆடியில் அச்சன்புதூரிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் வந்தார்கள். கொட்டகையில் ஒருத்தி அந்தக் கல்லின் முன்னால் நின்றுகொண்டு, "இதுல செடியே இல்லியே டீச்சர், எதுக்குத் தண்ணி ஊத்துதிய?" என்று கேட்டாள்.

நான் டீச்சர் இல்லை என்று எப்போதும் சொல்வேன். அன்று சொல்லவில்லை. எட்டுச் செடி வந்ததிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம் தட்டில் இருந்த மூன்று மணி நேரத்தையும் சொன்னேன். கேள்வி கேட்டவள், "அப்போ அது வேற எங்கனயும் இல்லியா?" என்றாள்.

"நாங்க தேடின வரைக்கும் இல்ல" என்றேன்.

அவர்கள் பஸ் ஏறிப் போனதும் அலமாரியைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன். ஊசி முனையால் நான் விரித்த இதழ்கள் அப்படியே விரிந்திருந்தன. நிறம் மட்டும் போயிருந்தது. எட்டுச் சீட்டுகள் எழுதினேன். "லேபிளின் கடைசிக் கட்டத்தில் உள்ள 'காமன்' என்ற சொல் சேகரித்தவர் எழுதியதல்ல. இந்தச் செடி ஒரே ஒரு பாறையில் மட்டும் இருந்தது. அந்தப் பாறை இப்போது இல்லை." ஆங்கிலத்தில் இதைத்தான் எழுதினேன். ஏழு சீட்டுகளை ஏழு ஊர்களுக்கு அனுப்பினோம். ஒட்டிவிட்டோம் என்று ஓர் ஊரிலிருந்து மட்டும் பதில் வந்தது.

எங்கள் தாளில் நானே பசை தடவி ஒட்டினேன். அதற்குப் பிறகும் பல வருஷம் அங்கே வேலை பார்த்தேன். ஓய்வு பெறும்வரை தைத்த தாள்களை அடுக்கினால் ஓர் அறை நிறையும். தைத்தவர் பெயரை எழுத லேபிளில் கட்டம் கிடையாது. எந்தத் தாளிலும் என் பெயர் இருக்காது. அந்தச் செடியின் தாளில் மட்டும், சீட்டின் அடியில், என் நல்ல கையெழுத்தில் இருக்கிறது.